நீளம்

இதற்கு முன் பதிவேட்டில் ஏறியதெல்லாம்
துடைத்தால் மினுங்குகிற சாமான்.
ஏழு வெள்ளிக் கோப்பைகள்.
தந்தத்தில் கடைந்த பில்லியர்ட்ஸ் பந்து மூன்று,
ஒன்றில் விரிசல்.
நரிவேட்டைக்குப் போன ஏதோ ஒரு துரையின் தொப்பி,
பூச்சி தின்ற ஓட்டையோடு.

குன்னூரில் பழைய கிளப்பின் மாடிதான்
இப்போது அருங்காட்சியகம்.
அவர்கள் சீட்டாடிய மேசையில்
நான் கட்டம் நிரப்புகிறேன்:
பொருள், காலம், கொடுத்தவர், அளவு,
வெற்றி பெற்றவர்.

ஐப்பசியில் ஒரு நாள்
வாசலில் குடையை உதறிவிட்டு
ஞானசௌந்தரி உள்ளே வந்தார்.
அரிசிப் பையில் ஒரு கயிறு.
"வெளையாட்டுச் சாமான் வாங்குறீங்களாமே?"

எழுபத்தெட்டாம் வருடம்.
தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களுக்கு
இந்த மலையில் அது நாலாவது பொங்கல்.
பெண்கள் பந்தயம்:
மேற்கணக்கில் ஒன்பது பேர்,
பணியக்கணக்கில் ஒன்பது பேர்.
லாரியில் கொழுந்து மூட்டை கட்டுகிற கயிற்றுக்கு
அன்று அரை நாள் லீவு.
நடு அடையாளத்துக்கு யாரோ
சிவப்பு ரவிக்கையின் கையைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

"கடைசி ஆளு நான்தான்.
இடுப்புல ஒரு சுத்து சுத்திக்கிட்டேன்."

விசில்.
பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.
தினம் இருபது கிலோ முதுகில் ஏற்றி
மலை இறங்குகிற கால்கள் அவை,
முப்பத்தாறும் மண்ணில் ஊன்றிவிட்டன.
சிவப்புத் துணி இந்தப் பக்கமும் போகவில்லை,
அந்தப் பக்கமும் போகவில்லை.
சோடா விற்றவன்கூட மூடியைத் திறக்காமல் நின்றானாம்.

அப்புறம் கயிறு அறுந்தது.

இரண்டு கணக்கும் மல்லாந்து சேற்றில்.
விழுந்த பக்கம் தோற்ற பக்கம் என்று
விதியை உரக்கப் படித்த ஆபீசர்,
பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் குடத்தைத்
திரும்ப ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"இழுத்ததுல எனக்கு ஒண்ணும் ஆகல.
விழுந்து கெடந்து சிரிச்சோம் பாருங்க,
அதுலதான் இடுப்பு பிடிச்சிக்கிட்டு
நாலு நாள் பேர் விழல."

முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை.
கணக்குக்குப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள்.
இந்தப் பாதியில் துணி இல்லை.
துணியைப் பற்றிப் பேச்செடுத்தால்
இன்னமும் அவர் குரல் ஏறுகிறது.

கட்டங்களில் காலம் எழுதினேன். கொடுத்தவர் எழுதினேன்.
வெற்றி பெற்றவர் என்ற இடத்தை விட்டுவிட்டு
அளவுக்கு வந்தேன்.
டேப்பை வைத்துப் பார்த்ததில்
நானூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

மாசியில் தணிக்கைக்கு வந்தவர்
அதே டேப்பை வைத்தார்.
நானூற்றுப் பத்தொன்பது.
"ஏழு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது?"
குறைந்தால் எழுத அவரிடம் படிவம் இருக்கிறது.
கூடினால் இல்லை.
கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த போஜன்
திரும்பாமலே சொன்னான்:
"ஈரத்துல கயிறு சுருங்கும், சார்.
எருமை கட்டினவனுக்குத் தெரியும்."

மறு ஐப்பசியில்
யாரும் இல்லாத ஒரு சாயங்காலம்
நானே அளந்தேன்.
வெளியே சிம்ஸ் பூங்கா வரை மூட்டம்.
பேழைக்குள் ஈரம் குடிக்க வைத்த பொட்டலங்கள்
குடித்துக் களைத்திருந்தன.
புரி புரியாக முறுக்கேறி,
தொட்டால் கம்பி போல இருந்தது கயிறு.
நானூற்றுப் பதினொன்று.

அடித்து எழுதினேன்:
நீளம், மழையைப் பொறுத்து.

பணியக்கணக்குப் பாதி
பந்தலூர்ப் பக்கம் ஒரு வீட்டில்
கோழிக்கூட்டுத் தகரம் பறக்காமல்
இழுத்துக் கட்டியிருக்கிறதாம்.

இப்போதுதான் போன் வந்தது.
அங்கேயும் மழை.